மூடி அண்ணனின் வலது காது

எங்கள் பட்டறையில் யாரும் ரகசியம் பேச முடியாது. தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் எந்திரங்கள் வரிசையாக நிற்கும் கூடம் அது. பக்கத்தில் நிற்பவனிடம் தண்ணீர் பாட்டிலைக் கேட்பதற்கே தொண்டை கிழியும். அங்கே வேலை செய்கிற நாங்கள் எல்லோருமே வீட்டிலும் கத்தித்தான் பேசுவோம். என் மனைவி, அடுத்த தெருவுக்கும் சேர்த்துப் பேசுகிறேன் என்று சலித்துக்கொள்வாள்.

எங்களில் ஒருவர் மட்டும் விதிவிலக்கு. எங்கேயும் பேசமாட்டார். மூடி அடிக்கிறவர், வாயையும் மூடியே வைத்திருக்கிறவர் என்பதால் 'மூடி' என்று பெயர் விழுந்துவிட்டது. வயதில் பெரியவர் என்பதால் நான் மூடி அண்ணன் என்பேன். அவருக்கு இடது பக்கத்து எந்திரம் என்னுடையது. வலது பக்கத்தில் இருந்தது கூடத்திலேயே பெரிய அச்சு எந்திரம். அது ஒரு தடவை இறங்கினால் காலுக்குக் கீழே தரை அதிரும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் தன் வாலிபத்தைக் கழித்தார்.

வலது காது போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். திமிர் பிடித்த ஆள் என்று கொஞ்ச நாள் பேச்சு ஓடியது. கடைசியில் ஒரு மருத்துவச் சோதனையில் விஷயம் வெளியே வந்தது. போனது திரும்பாது, இருக்கிற இடது காதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனை அச்சுக் கூடத்திலிருந்து எடுத்து, மூடிகளில் கீறலும் நெளிவும் பார்த்துக் கழிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அமைதியான அறை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அவரோ, சத்தம் இல்லாத இடத்தில்தான் காது இல்லை என்பது நன்றாகத் தெரிகிறது என்றார். சாப்பாட்டு வேளையில் இப்படி ஏதாவது ஒரு வரி சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவப் போய்விடுவார்.

இனி நான் சொல்லப்போவதில் பாதி, அப்படி வரி வரியாக அவர் சொன்னது. மீதியைப் பிற்பாடு அண்ணி சொன்னார்.

அண்ணிக்கு மின்சார அலுவலகத்தில் வேலை. புகார் எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஊரில் எங்கே விளக்கு அணைந்தாலும் தானே கம்பத்தில் ஏறி ஒயரை அறுத்துவிட்டது போலத் திட்டு வாங்குவார். வீட்டுக்கு வந்தால் ஒரு சத்தம் ஆகாது. டிவி ஓடக் கூடாது, குழாய் சொட்டக் கூடாது. ஒருவருக்குக் கேட்காது, இன்னொருவருக்குக் கேட்கப் பிடிக்காது. வீடு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அமைதிக்கு வேறொரு காரணமும் இருந்தது. அவர்களுக்கு ஒரே மகள். முப்பதை நெருங்கிவிட்டாள் என்றாலும் வீட்டில் அவள் பாப்பாதான். கல்யாணமான மறு வருஷமே ஒரு நாள் வீட்டுக்குப் போன் செய்து, தன்னால் அங்கே இருக்க முடியவில்லை, வந்துவிடட்டுமா என்று கேட்டாள். போனை எடுத்தது அண்ணி. புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், பொறுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். அதோடு நிறுத்தவில்லை. வருவதாக இருந்தால் மாப்பிள்ளையோடு வா, தனியாக வராதே என்றும் சொல்லிவிட்டார். பாப்பா மாப்பிள்ளையோடும் வரவில்லை, தனியாகவும் வரவில்லை. அவனை விட்டுவிட்டு இன்னோர் ஊருக்குப் போய், ஒரு குளிர்பதனக் கிடங்கில் சரக்குப் பிரிக்கும் வேலையில் சேர்ந்தாள். அம்மாவும் மகளும் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அண்ணன் மட்டும் பட்டறை வாசலில் நின்று அவளுக்குப் போன் செய்வார். சாப்பிட்டியாம்மா, சாப்பிட்டேன்பா, உடம்பு எப்படி இருக்கு, நல்லா இருக்குப்பா. அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. வண்டிச் சத்தத்தில் பாதி விழாது. ஒரு நாள் அவள்தான் ஒரு வழி சொன்னாள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் வீட்டிலேயே இருந்தது. அதில் ஒரு விளையாட்டு இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து ஆடலாம், ஆடிக்கொண்டே பேசலாம் என்றாள்.

அது துப்பாக்கி விளையாட்டு. கைவிடப்பட்ட ஒரு நகரத்துக்குள் இறங்க வேண்டும். காலி வீடுகளிலும் கிடங்குகளிலும் கிடைப்பதைப் பையில் அள்ள வேண்டும். குறித்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு வெளியேறும் வழியைப் பிடித்து உயிரோடு வெளியே வந்தால், எடுத்ததெல்லாம் நமக்கு. உள்ளேயே செத்தால், எடுத்ததும் போச்சு, கொண்டுபோனதும் போச்சு. நம்மைப் போலவே உலகத்தின் வேறு வேறு மூலைகளிலிருந்து ஆட்கள் அதே நகரத்துக்குள் இறங்கியிருப்பார்கள். யார் எங்கே பதுங்கியிருக்கிறார்கள் என்று தெரியாது.

அண்ணன் திரையில் தன் பெயரை மூடி என்றே வைத்துக்கொண்டார். பாப்பாவின் பெயர் கொசு. அடிக்க வந்தால் அகப்படமாட்டாளாம்.

ஆரம்பத்தில் அண்ணன் இறங்கின கையோடு செத்தார். திறந்த வெளியில் நேராக ஓடுவார். யாராவது சுட்டால் நின்று, எவன் சுட்டது என்று பார்ப்பார். பாப்பா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். சுட முடிகிறது என்பதற்காகச் சுடக் கூடாது. ஒரு வெடிச் சத்தம் போதும், சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அத்தனை பேரும் அங்கே வந்துவிடுவார்கள். ஒருவனை வீழ்த்திவிட்டால் உடனே போய் அவன் பையைத் துழாவக் கூடாது. அவன் கூட்டாளி அதற்காகவே காத்திருப்பான். பார்த்த ஜன்னலிலேயே மறுபடியும் தலையை நீட்டக் கூடாது. அடிபட்டால் அங்கேயே கட்டுப் போட உட்காரக் கூடாது. முதலில் ஒரு சுவருக்குப் பின்னால் போக வேண்டும். உள்ளே இறங்கும்போதே எந்த வழியாக வெளியே வருவது என்று முடிவு செய்துவிட வேண்டும். அந்த வழியை நெருங்கியதும் ஓடக் கூடாது, ஏனென்றால் அலைந்து திரிந்து சேர்த்தவனிடம் வாசலில் பிடுங்குவதற்கென்றே சிலர் அங்கே படுத்துக் கிடப்பார்கள். பேராசைப்பட்டுப் பையை நிரப்பினால் நடை தளரும், மூச்சு வாங்கும் சத்தம் அடுத்தவனுக்குக் கேட்கும்.

போனில் வராத பேச்சு இதில் வந்தது. அந்தப் பக்கம் போகாதீங்க, குனிஞ்சு வாங்க, நான் பாத்துக்கிறேன் நீங்க தாண்டுங்க என்று சொல்வதற்கு எப்போதும் ஏதாவது இருந்தது. அதைவிட, இந்த விளையாட்டில் பாதி நேரம் காத்திருப்புதான். இருட்டறையில், அலமாரிக்குப் பின்னால், வெளியே நடப்பவன் போய்த் தொலையட்டும் என்று அசையாமல் கிடக்க வேண்டும். அப்படிக் கிடக்கும்போது அப்பாவும் மகளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். கிடங்கின் குளிரில் விரல் மரத்துப்போவது, அறையில் ஜன்னல் சரியாகச் சாத்தாதது, கூட வேலை செய்கிறவள் தூக்கத்தில் பாட்டுப் பாடுவது எல்லாம் அண்ணனுக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

சிக்கல் காதில்தான் வந்தது. அந்த ஆட்டத்தில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. சரளைக்கல்லில் மிதித்தால் ஒரு சத்தம், தகரத்தில் மிதித்தால் ஒரு சத்தம், உடைந்த கண்ணாடியில் மிதித்தால் இன்னொன்று. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் திரும்ப வேண்டும். அண்ணனுக்கு வலது பக்கம் என்று ஒன்று கிடையாது. எல்லாக் காலடியும் இடது பக்கம் நடப்பது போலவே இருக்கும், இல்லையென்றால் நடப்பதே தெரியாது. பாப்பா ஒரு உபாயம் சொன்னாள். எங்கே நின்றாலும் சுவரை வலது பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்தைச் சுவர் பார்த்துக்கொள்ளும் என்றாள். இன்னொன்றை அவரே கண்டுபிடித்தார். சத்தம் கேட்டதும் நின்ற இடத்திலேயே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுவார். எந்தத் திசைக்குத் திரும்பும்போது சத்தம் கூடுகிறது என்று பார்ப்பார். அதற்குள் பெரும்பாலும் சுட்டுவிடுவார்கள்.

அண்ணிக்கு இவையெல்லாம் தெரியாது. வேலை மாற்றியதிலிருந்து மனுஷன் ஒடிந்துபோயிருக்கிறார், ஏதோ பொம்மைச் சண்டை ஆடிக்கொண்டு போகட்டும் என்று விட்டிருந்தார். அண்ணன் யாரிடமோ முணுமுணுப்பது கேட்கும். யாரிடம் என்று கேட்டதில்லை.

ஒரு வார விடுமுறை. காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு அண்ணி அவருக்குப் பின்னால் வந்தார். அண்ணன், ஹெட்செட்டின் உபயோகமில்லாத வலது பக்கத்தைக் காதிலிருந்து தள்ளி, கன்னப்பொறிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். அண்ணி அந்தப் பக்கமாகத் துணியோடு குனிந்தபோது, அதிலிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. யாரோ தகரத்தின் மேல் அடி வைத்து வருகிறார்கள். நாள் முழுக்க அடுத்தவர் குரலைக் கேட்டே பழகிய காது அது. திரையில் அண்ணனின் துப்பாக்கி இடது பக்கம் திரும்பியிருந்தது. அண்ணிக்கு என்ன தோன்றியதோ, துணியைக் கீழே போட்டுவிட்டு அவருடைய வலது தோளைத் தட்டினார். அண்ணன் திரும்பினார். வாசலில் ஒருவன். அண்ணன் முந்திக்கொண்டார்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்ததாம். அப்போதுதான் ஹெட்செட்டின் அந்த வலது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, அது எப்படிப்பா உங்களுக்குக் கேட்டுச்சு?"

அண்ணி அப்படியே குனிந்த நிலையில் நின்றுவிட்டார். அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து, "ஏதோ கேட்டுச்சும்மா," என்றார்.

அண்ணி துணிகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். மடித்து வைத்தார். அடுத்த தடவை அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது, அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணன் ஹெட்செட்டின் வலது பக்கத்தை வெளிப்புறமாகத் திருப்பிவிட்டார். அண்ணி தன் காதை அதில் வைத்துக்கொண்டார். ஒரு ஹெட்செட்டில் இரண்டு தலை. கல்யாணமான புதிதில்கூட இத்தனை நெருக்கமாக உட்கார்ந்ததில்லை என்று அண்ணி பிற்பாடு என்னிடம் சொன்னார்; வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பேசினால் மைக்கில் விழும். அதனால் கையாலேயே பேசினார்கள். வலது தோளில் தட்டினால் வலது பக்கம். முதுகில் கை வைத்தால் பின்னால். தலையில் விரல் வைத்தால் மேல்மாடி. ஆள் நெருங்க நெருங்க அழுத்தம் கூடும். அண்ணன் ஆட்டம் மாறிவிட்டது. சுவர் தேடி ஒட்டிக்கொண்டு நின்றவர் கதவு தாண்டிப் போக ஆரம்பித்தார். ஒருவர் நகரும்போது மற்றவர் காவல் நிற்பது என்ற முறையில் அப்பாவும் மகளும் நகரத்தின் நடுப்பகுதிவரை போய்த் திரும்பினார்கள். அப்பாவுக்குக் காது சரியாகிவிட்டதோ என்று பாப்பா சந்தோஷப்பட்டாள். மருந்து வேலை செய்கிறது என்று அண்ணன் புளுகினார்.

பதுங்கிக் கிடக்கும் நேரங்களில் மகள் பேசுவதை அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார். ஒரு தடவை பாப்பா, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். நல்லா இருக்கா என்று அண்ணன் சொன்னார். அவர் தோளில் இருந்த கை எந்தப் பக்கத்தையும் காட்டாமல் அப்படியே கிடந்தது.

அண்ணி பக்கத்தில் இருப்பதைப் பாப்பாவிடம் அன்றே சொல்லியிருக்கலாமே என்று நான் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். சொன்னால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள், இவளும் எழுந்து போய்விடுவாள், இரண்டும் போய்விடும் என்று பயந்தேன் என்றார்.

பிறகு ஒரு நாள். ஒரு காலி விடுதியின் மாடியில் இருவரும் மாட்டிக்கொண்டார்கள். கீழே யாரோ நடமாடுகிறார்கள். படிக்கட்டில் ஏறுவதும் நிற்பதுமாக இருக்கிறான். பாப்பா, அவன் ஒற்றை ஆள், கனமான பை வைத்திருக்கிறான், பயந்திருக்கிறான், நாம் சும்மா இருந்தால் போய்விடுவான் என்றாள். அப்படியே போனான். இத்தனையும் காலடியை வைத்து எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அண்ணன் வியந்து கேட்டார்.

பாப்பா சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

"அந்த வீட்ல பழகினதுப்பா. அவரு வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போவாரு. சாயங்காலம் படியேறி வர்ற சத்தத்தை வச்சே இன்னைக்கு எப்படின்னு தெரிஞ்சுடும். செருப்பைத் தேச்சு வந்தா ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு படியா அழுத்தி மிதிச்சு வந்தா, நான் குளியலறைக்குள்ள போய்த் தாழ் போட்டுக்குவேன்."

அவள் மேலே சொல்லிக்கொண்டு போனாள். ஒரு நாள் அவன் பூட்ட மறந்துவிட்டானாம். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடியிருக்கிறாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால், கையில் போன் சார்ஜர் மட்டும்தான் இருந்தது. போன் வீட்டிலேயே கிடந்தது. இதைச் சொல்லி அவளே சிரித்தாள்.

அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றார். தன் அழுகை மைக்கில் விழாமல் இருக்கத்தான் அந்தச் சத்தம் என்று எனக்கு இப்போது புரிகிறது. அன்று ஆட்டத்தில் அண்ணன் ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அடியில் செத்தார். வலது பக்கம் தட்ட ஆள் இல்லை.

அதன்பிறகும் அண்ணி அந்த நாற்காலிக்கு வராமல் இருக்கவில்லை. முன்னைவிடத் தவறாமல் வந்தார். அலுவலகத்தில் யாராவது பெண் போன் செய்து, மின்சாரம் இல்லை, தனியாக இருக்கிறேன், பயமாக இருக்கிறது என்று சொன்னால், ஆள் வந்து சரிசெய்கிறவரை இணைப்பைத் துண்டிக்காமல் பேசிக்கொண்டே இருப்பாராம். அதற்காகத் திட்டும் வாங்கினார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நண்பகலில் அது நடந்தது. துறைமுகப் பக்கம் ஒரு பெரிய கிடங்கு. பாப்பாவுக்குக் காலில் அடி. அவள் ஒரு தூணுக்குப் பின்னால் சாய்ந்து கட்டுப் போட ஆரம்பித்தாள். அண்ணன் எதிர்ப்பக்கம் ஒரு எந்திரத்துக்குப் பின்னால் நின்று காவல் காக்க வேண்டும். ஒருவர் கட்டுப் போடும்போது மற்றவர் கண்ணை எடுக்கவே கூடாது. இரும்புப் படிக்கட்டிலிருந்துதான் வருவான், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்கு இடது காதுக்குள் விசில் ஊதுவது போல ஒரு சத்தம் எழுந்தது. அது அடங்கினபோது வேறு எந்தச் சத்தமும் இல்லை. ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஹெட்செட்டைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்துவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து ஒயரைத் தடவ ஆரம்பித்தார்.

அண்ணி என்ன ஆயிற்று என்று புரியாமல் அதை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். முதல் தடவையாக இரண்டு காதிலும் கேட்டது. தூணருகே மகள் மூச்சு வாங்குகிறாள். "படிக்கட்டுதான்பா, படிக்கட்டைப் பாருங்க," என்று திரும்பச் சொல்கிறாள். ஆனால் படிக்கட்டில் யாரும் இல்லை. தூணுக்குப் பின்னால் இருந்த உடைந்த ஜன்னலுக்குக் கீழே கண்ணாடிச் சில்லு நொறுங்கியது; கட்டுப் போடும் சத்தத்தில் அவளுக்கு அது விழவில்லை போலும். ஒரு அடி. நிதானமாக இன்னொரு அடி. தட்டுவதற்குத் தோள் இல்லை; அண்ணன் மேசைக்கு அடியில் இருந்தார்.

"பாப்பா, படிக்கட்டுல இல்ல," என்றார் அண்ணி. "உனக்குப் பின்னாடி. கண்ணாடி மேல நடந்து வர்றான்."

கட்டுத் துணியைப் போட்டுவிட்டுக் கொசு புரண்டு திரும்பினாள். இரண்டு துப்பாக்கிகள் ஒன்றாக வெடித்தன. ஜன்னலருகே ஒருவன் சரிந்தான். புகை கலைந்து வெகு நேரம் வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சுட்ட இடத்தில் நிற்கக் கூடாது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நகரவே இல்லை.

"அம்மா?" என்றாள்.

அண்ணி மைக்கைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் அண்ணன் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து நின்றார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு உரக்கப் பேசி அண்ணி கேட்டதில்லை.

"ஒயர் சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டு மைக்கில் சொன்னார், "அப்பாவுக்கு இன்னொரு காதும் கேக்கல பாப்பா. இப்பத்தான். இந்த நிமிஷம்."

பாப்பாவின் குரல் மாறிவிட்டது. சண்டை நடுவில் பேசுவாளே, தாழ்ந்த, அவசரப்படாத குரல், அதற்கு வந்துவிட்டாள். சாயங்காலம் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், இப்படித் திடீரென்று போனால் சீக்கிரம் மருந்து போட்டால்தான் கொஞ்சமாவது திரும்பும், இப்போதே கிளம்புங்கள் என்றாள். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பக்கத்து வாசல், பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். நான் வர்றேன் என்று கடைசியில் சொன்னாள். வரட்டுமா என்று கேட்கவில்லை.

அவர்கள் கம்ப்யூட்டரைக்கூட அணைக்காமல் மழையில் இறங்கினார்கள். அந்த நகரத்துக்குள் மூடியும் கொசுவும் நின்ற இடத்திலேயே நின்றிருப்பார்கள். யாரோ வந்து சுட்டு, பைகளை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

பாப்பா மறுநாள் காலையில் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் அவர் வாய் கோணிக்கொண்டது. அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலது தோளில் ஒரு தடவை தட்டினாள். அந்தத் தட்டுக்கு வீட்டில் என்ன அர்த்தம் என்று அவளுக்கு அப்போது தெரியாது. சும்மா பாசத்தில் தட்டினாள். அண்ணன் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார்; அங்கே அண்ணி நின்றிருந்தார்.

பிறகு நடைபாதையில் அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக நின்றேன். பட்டறைக்காரன் காது என்றாலும் எனக்கு அது கேட்டது.

"அந்தப் படிக்கட்டு விஷயத்தை நான் கேட்டேன்," என்றார் அண்ணி.

"எப்போ?"

"நீ அப்பாகிட்ட சொன்னப்பவே. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ரொம்ப நாளா உக்காந்திருக்கேன்."

பாப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அன்பு இல்லை. "அப்ப இத்தனை நாளும் ஒட்டுக் கேட்டிருக்க," என்றாள். எழுந்து நடைபாதையின் கடைசிவரை போய்விட்டாள். அண்ணி அவளைக் கூப்பிடவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகு நேரம் கழித்து அவள் இரண்டு தேநீர்க் குவளைகளோடு திரும்பி வந்தாள். ஒன்றை அம்மாவிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு நான் உன்னை வராதேன்னு சொல்லியிருக்கக் கூடாது," என்றார் அண்ணி.

"ஆமா," என்றாள் பாப்பா. "சொல்லியிருக்கக் கூடாது."

குடித்து முடித்தார்கள். குவளைகளை வாங்கிப் போட நான்தான் போனேன்.

இடது காதில் கொஞ்சம் திரும்பியது. கருவி வைத்துக்கொண்டால், முகத்துக்கு நேராக நின்று பேசுவது புரியும். கூட்டத்தில் பேசினால் எல்லாம் இரைச்சல். டாக்டர், தாமதித்திருந்தால் இதுவும் இருந்திருக்காது என்றார். அண்ணன் இன்னும் எங்கள் பட்டறையில்தான், அதே மேசையில் மூடிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசுகிறவர் உதட்டைக் கூர்ந்து பார்ப்பதால், முன்னைவிட அக்கறையாகக் கேட்கிற ஆள் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள்.

பாப்பா தன் ஊருக்குத் திரும்பிப் போனாள். அங்கே வேலை இருக்கிறது, அறை இருக்கிறது; பயமில்லாமல் படியேறுகிற ஒரு வீட்டை அவளே உண்டாக்கிக்கொண்டிருக்கிறாள், அதை விடமாட்டேன் என்றாள். அண்ணியும் வற்புறுத்தவில்லை. விடுமுறை சேர்ந்து வந்தால் வருகிறாள். இடையில் விளையாட்டு நடக்கிறது. இப்போது ஹெட்செட் முழுசாக அண்ணி தலையில். அண்ணன் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு கண்ணால் மட்டும் ஆடுகிறார். உயரமான இடமாகப் பார்த்துப் படுத்து, மகள் வெளியேறும் வழியைக் காவல் காக்கிறார். அண்ணி ஒரே நேரத்தில் அவருக்குக் கையாலும் அவளுக்கு வாயாலும் சொல்ல வேண்டும். சில சமயம் மாற்றிச் சொல்லி மூன்று பேருக்கும் ஆபத்தாகிவிடுகிறது.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பாப்பா வந்திருந்தாள். உள்ளறையில் அம்மாவும் மகளும் ஏதோ சச்சரவு. குரல் ஏறிக்கொண்டே போனது. பழைய கோபமெல்லாம் அதில் கலந்திருந்தது, கேட்கவே சங்கடமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து, திறந்த கதவு வழியாக அவர்கள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஜன்னல் திரையை யார் துவைப்பது என்று சண்டை என்றேன். உண்மையில் அது மட்டும் இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கும், முகம் படிக்கத் தெரிந்த மனுஷர்.

"பேசட்டும்," என்றார். நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார்.